சூளைக்கு ஒரு பணம், மண்ணுக்கு ஒரு பணம்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் பீங்கான் தொழில் செய்யும் சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த தொழில் சொந்தங்களே,

அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்து பிழைக்கிறவர்கள் நீங்கள். சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆடி பிறந்துவிட்டால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: “கம்மி வட்டிக்கு எங்கே பணம் கிடைக்கும்?”

அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். முதலில் கேட்க வேண்டியது, தொழிலில் போடும் பணம் எத்தனை மாதத்தில் கைக்குத் திரும்பும் என்பதை. அதற்கு விடை தெரியாதவருக்கு 9 சதவீதக் கடனும் ஆபத்து. தெரிந்தவர் 14 சதவீதத்திலும் தப்பித்துக்கொள்வார்.

நம் தொழிலில் பணம் இரண்டு வேகத்தில் ஓடுகிறது. மண், கிளேஸ், எரிபொருள், கூலி, அட்டைப்பெட்டி ஆகியவற்றில் போட்டது சரக்காகி விற்று மூன்று நான்கு மாதத்தில் திரும்பும். சூளை, மண் அரைக்கும் பால் மில், அச்சு, கொட்டகை ஆகியவற்றில் போட்டது திரும்ப மூன்று முதல் ஏழு ஆண்டு பிடிக்கும். வேகமாகத் திரும்பும் செலவுக்குக் குறுகிய காலப் பணம், மெதுவாகத் திரும்பும் செலவுக்கு நீண்ட காலப் பணம். விதி இவ்வளவுதான். நான் பார்த்தவரை நொடித்துப்போன கணக்குப் புத்தகங்கள் பலவற்றில் இந்த விதிதான் மீறப்பட்டிருக்கிறது. சரக்கு விற்காமல் நொடித்தவர்கள் அவர்களில் குறைவு.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 60 லட்ச ரூபாய் விற்கும் ஒரு பட்டறை. ரிசர்வ் வங்கியின் நாயக் குழு வகுத்த கணக்குப்படி, எதிர்பார்க்கும் விற்பனையில் கால் பங்கு, அதாவது 15 லட்சம், நடைமுறை மூலதனமாகத் தேவை. அதில் 12 லட்சத்தை வங்கி கேஷ் கிரெடிட் (சி.சி.) லிமிட்டாகத் தரும், மீதி 3 லட்சம் உரிமையாளர் போட வேண்டும். இந்தப் பட்டறைக்காரர் ஆனியில் 8 லட்சத்துக்கு ஒரு புதுச் சூளை வாங்குகிறார். “லிமிட்தான் இருக்கிறதே” என்று அதிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். புதுச் சூளையால் எரிபொருளில் மாதம் 20,000 ரூபாய் மிச்சம். நல்ல சூளைதான். ஆனால் 8 லட்சம் திரும்ப 40 மாதம் ஆகும். நவராத்திரிக்கு மண் வாங்கவும் கூலி கொடுக்கவும் லிமிட்டில் மிச்சம் 4 லட்சம்தான். ஆவணியில் ஆர்டர் வந்து குவிகிறது, கையில் காசில்லை. அப்போதுதான் தண்டல்காரரின் வண்டி வாசலில் வந்து நிற்கிறது.

அதே சூளையை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக் கடனில் வாங்கியிருந்தால் மாதத் தவணை ஏறக்குறைய 17,400 ரூபாய். சூளை மிச்சப்படுத்தும் 20,000 ரூபாயே தவணையைக் கட்டியிருக்கும், 12 லட்சம் லிமிட்டும் சீசனுக்கு அப்படியே இருந்திருக்கும். சூளையும் வட்டியும் வங்கியும் அதேதான், பணத்தை எடுத்த கணக்கு மட்டும் தவறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நமக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் சூளைப் பணம். தவணைக் கடனுக்கு உங்கள் கணக்கு இருக்கும் வங்கியைத் தவிர தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும் உண்டு. 1949-ல் தொடங்கிய கழகம் அது. இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் நீண்ட காலக் கடன் கொடுப்பதே அதன் பிழைப்பு. யாரிடம் வாங்கினாலும் இரண்டைப் பேசி வாங்குங்கள். ஒன்று, சூளை நிறுவிச் சோதனை ஓட்டம் முடியும்வரை அசலுக்கு விடுப்பு. இரண்டு, தவணையைச் சீசனுக்கு ஏற்றபடி அமைப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சரக்கு காயாது. அந்த மாதங்களில் விற்றதற்கான பணமும் கடைக்காரர் கையில் இருக்கும். தையில் கூடுதலாகக் கட்டுகிறேன், மழை மாதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேட்டால் பேசுவார்கள். பின்னால் கேட்டால் அதற்குப் பெயர் வாராக்கடன் சீரமைப்பு.

“அடமானம் வைக்க எங்களிடம் என்ன இருக்கிறது?” என்பீர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத நிதியம் 2000-ல் தொடங்கப்பட்டது. அதன் உத்தரவாதத்தோடு அடமானமில்லாமல் வங்கி கொடுக்கக்கூடிய கடனின் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய். நமக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கில்லை. நீங்கள் கட்டாமல் விட்டால் நிதியம் வங்கிக்கு ஒரு பங்கைக் கொடுக்கும், உங்கள் கடன் தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும். உத்தரவாதக் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். வட்டியோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது மானியத் திட்டங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை போகலாம். நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 15 சதவீதமும் கிராமப்புறத்தில் 25 சதவீதமும் மானியம். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு அது 25, 35 சதவீதம். நகராட்சி எல்லைக்குள் ஆரம்பிப்பதா, பக்கத்து ஊராட்சியில் ஆரம்பிப்பதா என்பதிலேயே பத்து சதவீதம் வித்தியாசம் இருக்கிறது. செராமிக் கல்லூரியில் டிப்ளமோ முடித்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டம் பொருந்தும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் வரை மானியம், அதோடு 3 சதவீத வட்டிச் சலுகை. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. எந்தத் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறது, விதி மாறியிருக்கிறதா என்பதைக் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுக் களத்தில் இறங்குங்கள்.

மானியம் நல்லதுதான். ஆனால் அதைக் கையில் வரும் பணமாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள். பிரதமரின் திட்டத்தில் மானியத் தொகை மூன்றாண்டு வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடப்பதைப் பார்த்த பிறகே கடனில் கழியும். அதுவரை பட்டறையை ஓட்ட வேண்டியது நீங்கள்தான். மானியத்துக்காகத் தேவைக்கு மேல் பெரிய சூளை போட்டுவிட்டு, அதை நிரப்பிச் சுடச் சரக்கில்லாமல் பாதிச் சூளை எரிப்பவர்கள் உண்டு. 25 சதவீத மானியம் வாங்கி 50 சதவீத எரிபொருளை வீணடிப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

இனி மண்ணுக்கான பணம். இதற்குச் சி.சி. லிமிட்டைவிடப் பொருத்தமானது ஒன்றுமில்லை. எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி, விற்ற பணம் வந்ததும் கட்டிவிடலாம், அடுத்த சீசனுக்கு மறுபடி எடுக்கலாம். ஆனால் லிமிட்டின் அளவை முடிவு செய்வது நீங்கள் காட்டும் விற்பனை. பாதிச் சரக்கைப் பில் இல்லாமல் விற்றால் வங்கியின் கண்ணில் உங்கள் பட்டறையும் பாதிதான். வரியில் மிச்சம் பிடித்ததாக நினைக்கிறோம். அதைவிடப் பெரிய தொகையை வெளிக்கடன் வட்டியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

லிமிட் இல்லாதவர்கள் போகும் இடம் வியாபாரி. சீசனுக்கு நான்கு மாதம் முன்னாலேயே மொத்த வியாபாரி முன்பணம் தருகிறார். காகிதமில்லை, அடமானமில்லை, சரக்கு விற்குமா என்ற கவலையும் இல்லை. ஆகவே இதை நான் மட்டமாகப் பேசமாட்டேன். விலையை மட்டும் கணக்குப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய் பெறும் சரக்குக்கு 90,000 ரூபாய் முன்பணம் என்றால், நான்கு மாதத்துக்குப் 10,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஆண்டுக்கு 33 சதவீத வட்டி. விற்பனை உறுதிக்காக அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டாலும் மிச்சம் கனம்தான். அதோடு அடுத்த ஆண்டு விலை பேசும் உரிமையும் அவர் கைக்குப் போய்விடுகிறது. முன்பணம் வாங்குவதென்றால் உற்பத்தியில் ஒரு பங்குக்கு மட்டும் வாங்குங்கள். மொத்தத்துக்கும் வாங்கினால் நீங்கள் உங்கள் பட்டறையிலேயே கூலிக்காரர்.

தண்டல் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். “1,500 ரூபாய்தானே” என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இருந்தும் தண்டல் ஏன் நிற்கவில்லை என்றால், இன்று கேட்டால் இன்றே கிடைக்கிறது என்பதால்தான். அந்த அவசரத்தை ஆடியிலேயே லிமிட் ஏற்பாடு செய்துதான் வெல்ல முடியும்.

‘ஃப்ளாட்’ வட்டியும் இதே குடும்பம்தான். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் ஃப்ளாட், 12 மாதம் என்றால் மாதம் 9,333 ரூபாய். கேட்க ஒரு ரூபாய் வட்டி போல இருக்கும், உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல். நம் ஊர்த் தலபுராணமே இதற்குப் பாடம் சொல்கிறது. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. எடுத்த பொன்னை அவர் அப்படியே முடிந்துகொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க முன்பே வெட்டி வைத்திருந்த துண்டோடு உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். இறைவன் கொடுத்த பொன்னையே உரைத்துப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். நிதி நிறுவனம் நீட்டும் காகிதத்தை உரைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடலாமா? உரைகல்லை ரிசர்வ் வங்கியே கொடுத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தவணைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை வங்கியும் நிதி நிறுவனமும் தந்தாக வேண்டும். அதில் இருக்கும் அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள்.

சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1982-ன் சட்டப்படி பதிவான சீட்டு, திட்டமிட்டுச் செய்யும் நடுத்தரச் செலவுக்கு ஏற்றது. சூளைத் தட்டு மாற்றுவது, கொட்டகைக்கு ஓடு போடுவது போன்றவை. முதல் மாதங்களில் தள்ளி எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. அவசரத்துக்குத் தள்ளி எடுப்பவர் அந்த அவசரத்தின் விலையைக் கட்டுகிறார். பதிவில்லாத சீட்டைத் தொழில் பணத்தோடு சேர்க்கவே வேண்டாம்.

இப்போது நாம் கடனாக நினைக்காத ஒரு கடனுக்கு வருவோம். உங்கள் சரக்கை வாங்கிவிட்டுப் பணம் தராதவருக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் நிலுவைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தேடி அலையும் தொகையில் பெரும்பங்கு அங்கேயே இருக்கலாம். 2006-ன் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டு வரை, வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது.

நிஜத்தில் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். ஒரு பட்டறைக்காரர் தனியாகப் புகார் கொடுத்தால் அடுத்த ஆண்டு அந்த வியாபாரி பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார். ஆகவே சட்டத்தைக் கையில் எடுக்கும் முன் பில்லில் ஏற்றுங்கள். ‘உத்யம் பதிவு எண் இது, பணம் தர வேண்டிய நாள் இது’ என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். வியாபாரியின் ஆடிட்டரே மார்ச்சுக்கு முன் அவரை நெருக்குவார். உடனே தந்தால் தள்ளுபடி தருவதும் ஒரு வழி. 90 நாள் பொறுப்பதற்குப் பதில் 3 சதவீதம் தள்ளி இன்றே வாங்கினால், அதன் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 12.5 சதவீதம். லிமிட் இருப்பவருக்கு அது கொஞ்சம் அதிகம், தண்டலில் இருப்பவருக்கோ அது வரம். பொதுத்துறைக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மின் பீங்கான் கொடுப்பவர்கள் ட்ரெட்ஸ் என்னும் மின்னணுத் தளத்தில் சேருங்கள். வாங்கியவர் ஒப்புக்கொண்ட பில்லை அங்கே வங்கிகள் ஏலத்தில் எடுத்துப் பணம் தரும். வாங்கியவர் பின்னால் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வந்து கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் பதிவு செய்தாக வேண்டும் என்பது இப்போது விதி.

கூட்டாளியைச் சேர்ப்பது பற்றியும் சிலர் கேட்கிறீர்கள். கூட்டாளி போடும் பணத்துக்கு மாதத் தவணை இல்லை, நட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. புது வகைச் சரக்கு, புதுச் சந்தை என்று போட்டது எப்போது திரும்பும் என்றே சொல்ல முடியாத முயற்சிக்கு இந்தப் பணம்தான் சரி. அதற்குக் கடன் வாங்கக் கூடாது. ஆனால் மச்சானாக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். யார் எவ்வளவு போட்டார், சம்பளம் யாருக்கு, பிரியும்போது சூளைக்கு எப்படி விலை போடுவது என்பவை அதில் இருக்கட்டும். மூன்றாவதை எழுதாமல் விட்டதால் உறவும் பட்டறையும் சேர்ந்து போன வீடுகள் உண்டு.

கடைசியாக, தனித்தனியாக முடியாதது. இந்தத் தொழிற்பேட்டை பொதுப் பணத்தில் பிறந்தது. நெய்வேலியின் களிமண் பக்கத்தில் கிடைக்கிறது என்று அரசு பேட்டையையும் கல்லூரியையும் இங்கே கொண்டுவந்தது. டாசெல் என்ற அரசு நிறுவனம் இருந்து மறைந்த கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இனி அரசே நடத்தும் என்று காத்திருக்க முடியாது. அரசு பணம் போட, உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தும் பொது வசதி மையத்துக்கான திட்டங்கள் இருக்கின்றன. மண் அரைக்கவும், சோதிக்கவும், பெரிய சூளையில் சுடவும் ஆளுக்கொரு கடன் எதற்கு?

சீசன் பணத்துக்குச் சேலத்தைப் பாருங்கள். அங்கே ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர் சரக்கைச் சங்கத்தின் கிடங்கில் வைத்து அதன் பேரில் முன்பணம் வாங்கலாம், சரக்கை ஏலத்தில் விற்பது சங்கம். கைமுடைக்காக வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ள வேண்டிய நிலைக்கு அது ஒரு மாற்று. பொம்மை ஆண்டுக்காண்டு மோஸ்தர் மாறும், அதைக் கிடங்கில் வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அகல் விளக்கு கெடாது, பழசாகாது. மாசியில் சுட்ட விளக்கு கார்த்திகையிலும் விளக்குத்தான். விளக்கிலிருந்து தொடங்கலாமே.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நிலுவையை முதலில் வசூலியுங்கள், அதைவிட மலிவான பணம் இல்லை. மண்ணுக்குச் சி.சி. லிமிட், சூளைக்குத் தவணைக் கடன், தெரியாத முயற்சிக்குக் கூட்டாளி, எல்லோருக்கும் தேவையானதற்குக் கூட்டமைப்பு. வியாபாரி முன்பணம் ஓரளவோடு. தண்டல் வேண்டாம்.

அடுத்த கடனுக்கு முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: எதற்கு, எவ்வளவு, எந்த மாதம் திரும்பும், திரும்பாவிட்டால் எதிலிருந்து கட்டுவேன். நான்காவது வரிக்கு விடை இல்லையென்றால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளோடு நம் உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். பத்துப் பேரின் தாளைச் சேர்த்து வைத்தால், வங்கியிடமும் தொழில் மையத்திடமும் எதைக் கேட்க வேண்டும் என்பது நமக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க் கணக்கர் ஒருவர்
விருத்தாசலம்